அர்த்தம் கடைசியில், ஊர் முதலில்: பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றின் வேரைத் தேடும் வழி

பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு என்ன அர்த்தம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "இது எந்தப் பக்கத்துப் பெயர்?" ஊர் தெரிந்துவிட்டால் அர்த்தம் பின்னாலேயே வரும். ஊர் தெரியாமல் அகராதியைப் புரட்டினால் ஆயிரம் குடும்பங்களுக்குப் பொருந்துகிற ஒரு வரி கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் இருப்பது கிரெனோபிளில். என் வீட்டுக்காரரின் குடும்பப் பெயர் ஃபோர். இனிஷியலோடு வளர்ந்த எனக்கு, கொள்ளுத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் என்பதே புதுசாக இருந்தது. மாமனாரின் அண்ணனை நான் பெரிய மாமனார் என்றுதான் சொல்வேன். அவர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும், "நாமெல்லாம் ஜனாதிபதி ஃபெலிக்ஸ் ஃபோர் வம்சம்" என்று ஆரம்பிப்பார். 1895 முதல் 1899 வரை பிரான்சின் ஜனாதிபதியாக இருந்து, பதவியிலேயே இறந்தவர் அந்த ஃபோர். பெரிய மாமனாரை மறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அப்படித்தான் இந்த வேலைக்குள் இறங்கினேன். இப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் பழைய பதிவேடு படித்துக் கொடுக்கும் ஆளாகிவிட்டேன். கீழே இருப்பது நான் வேலை செய்யும் வரிசை.

வீட்டு அலமாரி

இணையத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரெஞ்சு வீடுகளில் லிவ்ரே த ஃபமிய் என்ற குடும்பக் கையேடு இருக்கும். கல்யாணம், குழந்தைகளின் பிறப்பு, இறப்பு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அது 1877இல் வந்த ஏற்பாடு. ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு கதை இருக்கிறது. அப்புறம் மரண அறிவிப்பு அட்டைகள், ராணுவச் சேவைப் புத்தகம், கல்லறைக் கல்லில் இருக்கும் தேதி. வயதானவர்களிடம் பேசும்போது வம்சப் பெருமையைக் கேட்காதீர்கள். "உங்கள் தாத்தா எந்த கொம்யூனில் பிறந்தார்?" என்று மட்டும் கேளுங்கள். கொம்யூன் என்றால் நம் ஊராட்சி, நகராட்சி மாதிரி. பிரெஞ்சு ஆவணங்கள் எல்லாம் கொம்யூன் வாரியாகத்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயர் இல்லாத முன்னோரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பிறப்பு தெரிந்தால் அந்த ஊர் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, எழுதி முழு நகல் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். சுருக்க நகல் வேண்டாம், முழு நகல்தான் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். முழு நகலில்தான் பெற்றோரின் பெயரும் ஓரக் குறிப்புகளும் வரும். 1897க்குப் பிறகு ஒருவருடைய கல்யாணத்தை அவரது பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பது சட்டமானது. 1945க்குப் பிறகு இறப்பையும் குறிக்க ஆரம்பித்தார்கள். அதாவது ஒரு பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே அந்த ஆளின் முழு வாழ்க்கையும் கிடைத்துவிடும்.

பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகள் கழித்துத்தான் எல்லோருக்கும் திறக்கப்படும். அதற்குள் வேண்டுமென்றால் நேரடி வாரிசு என்று காட்ட வேண்டும். நான் மருமகள், எனக்குக் கிடையாது. என் வீட்டுக்காரரின் கையெழுத்தில்தான் எல்லாக் கடிதமும் போனது. இறப்புப் பதிவுக்கு இந்தக் கெடுபிடி இல்லை, யாரும் கேட்கலாம்.

வரைபடம்

இப்போது ஊரைக் கண்டுபிடிக்கும் வேலை. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, 1891 முதல் 1990 வரை பிறந்தவர்களின் குடும்பப் பெயர்களை மாவட்ட வாரியாக வெளியிட்டிருக்கிறது. இதை வைத்து வரைபடம் காட்டும் இணையதளங்கள் பல இருக்கின்றன. அதில் மிகப் பழைய காலப்பகுதியான 1891–1915ஐ மட்டும் பாருங்கள். பிந்தைய வரைபடங்களில் ரயிலும் தொழிற்சாலையும் எல்லோரையும் கலைத்துப் போட்டிருக்கும்.

எண்ணிக்கை அதிகம் இருக்கிற இடம்தான் பூர்வீகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாரிஸும் லியோனும் எல்லாப் பெயருக்கும் பெரிய எண்ணைத்தான் காட்டும். க்ரேஸ் மாவட்டத்துக் கொத்தனார்கள், ஒவெர்ன் மலைக்காரர்கள், பிரெத்தோன்கள் எல்லோரும் அங்கே பிழைக்கப் போனவர்கள். மாவட்ட மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைப் பாருங்கள், சின்ன மாவட்டம் ஒன்று பளிச்சென்று தெரியும். அடுத்ததாக ஜெனியாநெட் தளத்தில் அதே பெயரை நூற்றாண்டு வாரியாகப் பார்க்கலாம். அங்கே இருப்பது மக்கள் தாங்களே ஏற்றிய குடும்ப மரங்கள், ஒரே ஆள் இருபது மரங்களில் எண்ணப்பட்டிருப்பார். திசை காட்டுவதற்கு அது போதும்.

ஃபோர் என்று தேடினால் துரோம், இசேர், உயர் ஆல்ப்ஸ் பக்கம் அடர்த்தியாகத் தெரியும். மேற்கே லிமூசென், தொர்தோஞ் பக்கம் இன்னொரு குவியல். இரண்டுக்கும் நடுவே மலைத்தொடர். அந்த இரண்டு குவியல்களும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்தவை என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஏன் என்பதற்கு அர்த்தத்தைப் பார்க்கும்போது வருகிறேன்.

பதிவேட்டில் பின்னோக்கி

மாவட்ட ஆவணக் காப்பகங்களின் தளங்களில் பதிவேட்டுப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1792 செப்டம்பர் 20ஆம் தேதிச் சட்டத்தால் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு பாதிரியார் கையிலிருந்து கொம்யூனுக்கு மாறியது. அதற்குப் பிறகு இருப்பது எத்தா சிவில் என்ற அரசுப் பதிவேடு, அதற்கு முன்னால் இருப்பது தேவாலயத்தின் பங்குப் பதிவேடு. எத்தா சிவிலில் பத்தாண்டு அட்டவணை என்று ஒன்று இருக்கும். ஒரு ஊரில் பத்து வருடத்தில் நடந்த எல்லாமும் அகரவரிசையில் இருக்கும். ஆண்டு தெரியாவிட்டால் அதில் தொடங்குங்கள்.

எப்போதும் திருமணப் பதிவைப் பிடித்து ஏறுங்கள். அதில்தான் இரு பக்கத்துப் பெற்றோர், பிறந்த ஊர், வயது, தொழில், சாட்சிகளின் உறவுமுறை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பிரெஞ்சு ஆவணங்களில் பெண்ணை அவள் பிறந்த வீட்டுப் பெயரிலேயேதான் எழுதுவார்கள். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1794இல் புரட்சி அரசு போட்ட சட்டம் இன்னும் அடிப்படையாக இருக்கிறது. அதனால் தாய் வழியையும் தந்தை வழி போலவே சுலபமாகப் பின்தொடரலாம். பலர் அதைச் செய்வதில்லை. என்னைக் கேட்டால், தாய்வழியில்தான் பாதி சுவாரசியம்.

வழியில் தடுக்கும் கற்கள் சில உண்டு. 1793 முதல் 1805 முடியும்வரை புரட்சி அரசு கொண்டுவந்த குடியரசு நாட்காட்டி: எட்டாம் ஆண்டு ப்ருமேர் 18 என்றால் 1799 நவம்பர் 9. மாற்றித் தரும் கருவி இணையத்தில் இருக்கிறது, தலையில் கணக்குப் போடாதீர்கள். பழைய பதிவுகளில் 7 என்ற எண்ணோடு மாதத்தின் கடைசி எழுத்துகளைச் சேர்த்திருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர், ரோமன் பத்து என்றால் டிசம்பர். பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்று இருந்தால் அந்த ஆள் அப்போது உயிரோடு இல்லை என்று அர்த்தம். 'லபூரேர்' என்று தொழில் போட்டிருந்தால் சொந்த ஏரும் மாடும் உள்ள, ஓரளவு வசதியான குடியானவர். 'ஜூர்னாலியே' என்றால் தினக்கூலி. கையெழுத்துப் புரியவில்லையென்றால் பயப்பட வேண்டாம், பல காப்பகங்கள் பழைய கையெழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கின்றன. தெரிந்த பெயரை ஒரு பக்கத்தில் அடையாளம் கண்டு, அந்த எழுத்துருவை வைத்து மற்றதை வாசிப்பதுதான் என் வழக்கம்.

பெயரின் எழுத்து மாறுவதைக் கண்டு வேறு குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். குடும்பத்தினருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஆளின் திருமுழுக்கு ஒரு விதமாகவும் அடக்கம் வேறு விதமாகவும் இருக்கும். தெற்கே பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பெண்பால் விகுதி சேர்ப்பதும் உண்டு: ஃபாப்ர் வீட்டுப் பெண் ஃபாப்ரெஸ் ஆவாள். தேடும் பெட்டியில் எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? 1539 ஆகஸ்டில் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்ரே ஆணையில் திருமுழுக்குப் பதிவேட்டைக் கட்டாயமாக்கினார். 1579இல் ப்ளுவா ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது. 1667இல் இரண்டு பிரதி எழுதச் சொன்னார்கள். ஒன்று பங்கில், இன்னொன்று நீதிமன்றத்தில். ஒன்று எலிக்கும் ஈரத்துக்கும் போனால் மற்றது இருக்கும். ஆனாலும் பல ஊர்களில் 1660களுக்கு முன்னால் பக்கங்கள் கிழிந்தும் விட்டும்தான் கிடைக்கும். புர்கோஞ் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊரின் பதிவேடு 1334இலிருந்து இருக்கிறது. 1348இன் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பட்டியலே அதில் உண்டு. அது விதிவிலக்கு, அதை நம்பி இறங்காதீர்கள்.

பாரிஸில் மட்டும் நிலைமை தலைகீழ். 1871 மே மாதம், பாரிஸ் கொம்யூன் என்ற மக்கள் கிளர்ச்சியின் கடைசி நாட்களில் நகர மண்டபமும் நீதி மாளிகையும் எரிந்தன. ஒரு பிரதி இங்கே, மறு பிரதி அங்கே. இரண்டுமே சாம்பல். 1860க்கு முந்தைய பாரிஸ் பதிவுகள் மொத்தமாகப் போய்விட்டன. பிறகு குடும்பங்களிடம் இருந்த நகல், தேவாலயப் பதிவு என்று திரட்டி மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டு எழுத முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மூன்றாவது ஒரு பிரதி இருக்கட்டும் என்று 1877இல் அந்தக் குடும்பக் கையேட்டைக் கொண்டுவந்தார்கள். ஜனாதிபதி ஃபெலிக்ஸ் ஃபோர் 1841இல் பாரிஸில் பிறந்தவர். பெரிய மாமனாரிடம் இதைச் சொன்னேன். "பார்த்தாயா, ஆதாரம் எரிந்துபோய்விட்டது!" என்று அவர் இன்னும் உற்சாகமாகிவிட்டார்.

பதிவேடு இல்லாத நூறு ஆண்டு

எங்கள் ஃபோர்கள் கிரெனோபிளுக்குத் தெற்கே த்ரியேவ் பீடபூமியில், மென்ஸ் ஊரைச் சுற்றி இருந்தவர்கள். அந்தப் பக்கம் புரொட்டஸ்டன்டுகள் நிறைய. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் கிரெனோபிள் இருக்கும் தோஃபினே, செவென், புவாத்து பக்கத்துப் பெயரைத் தேடுகிற யாருக்கும் இந்தச் சுவர் குறுக்கே வரும்.

1685 அக்டோபரில் புரொட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணையைப் பதினான்காம் லூயி ரத்து செய்தார். அன்றிலிருந்து புரொட்டஸ்டன்ட் என்று ஒரு பிரிவே சட்டத்தில் கிடையாது. கத்தோலிக்கப் பாதிரியார் முன்னால் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை. சிலர் பெயருக்குத் தேவாலயத்தில் தலைகாட்டினார்கள். சிலர் காட்டிலும் களத்துமேட்டிலும் ஊர் ஊராகத் திரியும் போதகர் முன்னால் மணந்துகொண்டார்கள். அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பங்குப் பதிவேட்டில் பாதிரியார் 'முறைதவறிப் பிறந்தது' என்று எழுதிவிடுவார். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சங்கடப்பட வேண்டாம். தாயும் தகப்பனும் ஒரே கூரையின் கீழ் முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களாக இருப்பார்கள்.

இந்த இடைவெளியைத் தாண்ட உதவுகிறவர் நொத்தேர், அதாவது பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் அதிகாரி. தெற்கில் ரோமானியச் சட்ட மரபு ஊறிய இடங்களில் குடியானவர்கள்கூட எல்லாவற்றுக்கும் நொத்தேரிடம் போனார்கள். கல்யாண ஒப்பந்தம், வரதட்சணை, உயில், நிலப் பங்கீடு எல்லாம் அவரிடம் எழுதப்பட்டன. தேவாலயப் பதிவு இல்லாத தம்பதிக்கும் நொத்தேரின் கல்யாண ஒப்பந்தம் இருக்கும். அதில் இருவருடைய தகப்பனார் பெயர், ஊர், கொண்டுவந்த துணிமணி, பெட்டி வரைக்கும் இருக்கும். எந்த நொத்தேர் என்று தெரியாதே என்றால், அதற்கும் வழி உண்டு. 1693இலிருந்து நொத்தேர் எழுதிய பத்திரங்களை வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவுகளும் அவற்றின் பெயர் அட்டவணைகளும் மாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் பெயரைப் பிடித்து, தேதியையும் நொத்தேரையும் குறித்துக்கொண்டு, அப்புறம் மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். இது பெரும்பாலும் இணையத்தில் கிடையாது. நேரில் போய் வாசிப்பறையில் உட்கார வேண்டும். பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை உள்ளே விட மாட்டார்கள்.

1736இலிருந்து தேவாலய அடக்கம் மறுக்கப்பட்டவர்களைப் புதைக்க நீதிபதியின் அனுமதி எழுதப்பட்டது, அந்தச் சீட்டுகளையும் பாருங்கள். கடைசியில் 1787 நவம்பரில் பதினாறாம் லூயியின் ஆணை வந்தது. கத்தோலிக்கரல்லாதவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பதிவுசெய்யலாம், ஏற்கெனவே நடந்ததையும் சொல்லிப் பதியலாம் என்றது. அதனால் 1788இன் பதிவுகள் புதையல் மாதிரி. கிழவனும் கிழவியும் வந்து நின்று, எங்களுக்கு இன்ன வருடம் கல்யாணம், இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள்.

நான் பின்தொடர்ந்த கிளை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு உயிலோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே போக வேண்டுமானால் தோஃபினேயில் அடுப்புக் கணக்குகள் இருக்கின்றன. வரி போட வீடு வீடாக எண்ணி எழுதியது, 14, 15ஆம் நூற்றாண்டுகளிலிருந்து கிடைக்கும். அதில் பெயர் தெரியும், யாருக்கு யார் பிள்ளை என்பது தெரியாது. பாரிஸுக்கும் 1292ஆம் ஆண்டின் வரிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பல பெயர்கள் இன்னும் பரம்பரைப் பெயராக உறையவில்லை. 'இன்ன தொழில்காரர் ழான்', 'இன்ன ஊர்க்காரர் கியோம்' என்றுதான் ஓடும். பட்டப்பெயர் மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயரானது 12ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரைக்கும் மெல்ல மெல்ல நடந்த வேலை.

இப்போது அர்த்தம்

ஊர் கையில் வந்துவிட்டது. இனி அகராதியைத் திறக்கலாம். பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழியில் வந்தவை: முன்னோர் ஒருவரின் திருமுழுக்குப் பெயர் (மர்த்தென், பெர்னார், ரொபேர்), ஊர் அல்லது இடம் (துப்போன் என்றால் பாலத்துக்காரர், துபுவா என்றால் காட்டுப்பக்கத்துக்காரர்), தொழில், உருவத்தையோ குணத்தையோ வைத்து வந்த பட்டப்பெயர் (பெத்தி குள்ளர், லெரூ செம்பட்டை முடிக்காரர்).

ஃபோர் தொழில் பெயர். லத்தீனில் கொல்லருக்கு ஃபாபெர். அந்த ஒரு சொல் ஒவ்வொரு வட்டாரத்தின் வாயிலும் ஒவ்வொரு விதமாக உருண்டது. லாங்க்தோக்கிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஃபாப்ர்: பூச்சிகளைப் பற்றி எழுதிய ழான் ஆன்றி ஃபாப்ர் அவெய்ரோனில் பிறந்தவர். தோஃபினேயிலும் லிமூசெனிலும் ஃபோர். இசையமைப்பாளர் ஃபோரே அரியேஜ் மாவட்டத்தில் பாமியேக்காரர், அவர் பெயரும் இதே வேர்தான். சவுவாவில் ஃபாவ்ர். வடக்கே பிக்கார்தி, நார்மண்டி பக்கம் முன்னால் 'லெ' சேர்ந்து லெஃபெவ்ர். லுவார் ஆறு கடலில் சேரும் பகுதியில் லெஃபூவ்ர். பிரெத்தோன் மொழியில் கொல்லர் லெ கோஃப், அல்சாஸில் ஷ்மிட். பெயரைக் கேட்டதும் ஆள் எந்தப் பக்கம் என்று பாதி சொல்லிவிடலாம் என்பது இதனால்தான். முன்னால் 'லெ' வந்தால் வடக்கு, வடமேற்கு. கருவாலி மரத்தை வைத்து வந்த பெயர் துஷேன் என்றால் நடுப் பிரான்ஸ், துக்கேன் என்றால் பிக்கார்தி அல்லது நார்மண்டி, கசாஞ் என்றால் தெற்கு.

லெஃபெவ்ர் எழுத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. வடக்கே பலர் இந்தப் பெயரின் நடுவே 'பி' (b) என்ற எழுத்தைப் போடுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். பழைய கையெழுத்தில் யு (u), வி (v) இரண்டும் ஒரே எழுத்து. 'ஃபெவ்ர்' என்று படிப்பதா, 'ஃபெயூர்' என்று படிப்பதா என்று குழப்பம் வரும். கணக்கர்கள் லத்தீன் ஃபாபெரை நினைவில் வைத்து ஒரு 'பி'யைச் செருகினார்கள், அடுத்த எழுத்து 'வி' என்று காட்ட. குழப்பம் தீர்ந்ததா? இல்லை. சில வீடுகளில் அந்த 'பி'யையும் சேர்த்து வாசித்து லெஃபேபூர் என்ற புதுப் பெயரே பிறந்துவிட்டது.

முன்பு விட்ட கேள்விக்கு இங்கே பதில். ஒரு கிராமத்தில் ஒரு கொல்லர்தான் இருப்பார். எல்லோரும் உழவர்களாக இருக்கிற ஊரில் 'கொல்லர் வீடு' என்றால் எந்த வீடு என்று சந்தேகமே வராது. அதனால் அந்தப் பெயர் ஆயிரக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்தது. ஃபோர் என்ற பெயர் இருக்கிற இருவர் உறவினர் என்று சொல்ல, பெயர் ஆதாரமே ஆகாது.

மலைப்பக்கத்தில் வேறொரு தலைவலி. ஊரில் பாதிப் பேர் ஃபோர் என்றானதும் அடையாளத்துக்கு இன்னொரு பெயரை ஒட்டினார்கள்: ஃபோர்-பிராக், ஃபோர்-வென்சான் என்று. இரட்டைப் பெயரைப் பார்த்ததும் பிரபு வம்சம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெயருக்கு நடுவே 'த' (de) வந்தாலும் அப்படித்தான். அது பெரும்பாலும் ஊரைக் குறிப்பதுதான், பட்டத்தை அல்ல. குலச்சின்னம் விற்கும் கடைகளை நம்பவே நம்பாதீர்கள். 1696இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்குப் பணம் திரட்ட, சின்னங்களைப் பதிவுசெய்து 20 லீவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) கட்டச் சொன்னார். பதியாதவர்களுக்கு அதிகாரிகளே ஏதாவது ஒரு சின்னத்தை ஒட்டிப் பணம் வாங்கினார்கள். அந்தத் தொகுப்பு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது, அந்த நூலகத்தின் காலிக்கா தளத்தில் பார்க்கலாம். அதில் ரொட்டிக் கடைக்காரருக்கும் சின்னம் உண்டு.

மரபணுச் சோதனை செய்துவிட்டால் என்ன என்று இளையவர்கள் கேட்பார்கள். பிரான்சில் பொழுதுபோக்குக்காக அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம்.

கடல் தாண்டிய பெயர்கள்

பெயர் எங்கே பிறந்தது என்பது முடிந்தால், எங்கே போனது என்பது அடுத்த வேலை. இதில் திசை மாறுகிறது. இவ்வளவு நேரம் பின்னோக்கி வந்தோம், இப்போது முன்னோக்கி இறங்க வேண்டும்.

1685க்குப் பிறகு சுமார் இரண்டு லட்சம் புரொட்டஸ்டன்டுகள் நாட்டை விட்டு ஓடினார்கள். ஜெனீவா, ஹாலந்து, பிராண்டன்பர்க், லண்டன் என்று சிதறினார்கள். அதற்கும் முன்னாலேயே போனவர்களும் உண்டு: நியூயார்க் மாநிலத்தில் நியூ பால்ட்ஸ் என்ற ஊருக்கு 1677இல் நில உரிமை பெற்ற பன்னிரண்டு பேரில் இருவர் லெஃபெவ்ர் சகோதரர்கள். இங்கிலாந்தில் 1839 முதல் 1857 வரை மக்களவைச் சபாநாயகராக இருந்த ஷா-லெஃபெவ்ரின் முன்னோரும் இப்படி ஓடிவந்தவர்களே. 1688ஐ ஒட்டி ஒரு கூட்டம் டச்சுக் கப்பல்களில் நன்னம்பிக்கை முனைக்குப் போனது. கிரிக்கெட் பார்க்கிற நமக்கு டு பிளெஸ்ஸி, டி வில்லியர்ஸ் என்ற பெயர்கள் தெரியுமே, அவை அந்தக் கப்பல்களில் போனவைதான். அங்கே டச்சுக் காதுகளில் விழுந்து பினார் என்பது பினார் ஆகவே இருக்கவில்லை, பினாஆர் என்று நீண்டது. வில்லியோன் ஃபில்யூன் ஆனது. எழுத்தை நம்பித் தேடினால் பிரான்சில் அந்தப் பெயர் கிடைக்காது, ஒலியை நம்புங்கள்.

கனடா வேறு மாதிரி. அங்கே பங்குப் பதிவேடுகள் தொடக்கத்திலிருந்தே நன்றாக இருக்கின்றன. மொன்றியால் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவற்றைத் திரட்டிக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். கியூபெக்கில் அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர் த்ராம்ப்ளே. நார்மண்டியை ஒட்டிய பெர்ஷ் பகுதியில் ராந்தோனே என்ற ஊரிலிருந்து 1647இல் போய், 1657இல் மணமுடித்த பியேர் த்ராம்ப்ளே என்ற ஒரே ஆளின் சந்ததி. ஃபோருக்கு நேர் எதிர்: அங்கே ஆயிரம் வேர், இங்கே ஒரே வேர். தேடும் முறையும் அதற்கேற்ப மாறும்.

கனடாவில் 'தி' (dit) என்ற சொல்லைக் கவனியுங்கள். 'இன்னார் என்கிற இன்னார்' என்று இரண்டு பெயர் இருக்கும். 1665இல் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவோடு போன சிப்பாய்களுக்கு லாஃப்ளேர், ஜோலிகேர், சான்சூசி என்று படைப் பெயர்கள் இருந்தன. அண்ணன் பிள்ளைகள் குடும்பப் பெயரையும் தம்பி பிள்ளைகள் படைப் பெயரையும் வைத்துக்கொண்டது சாதாரணம். அங்கிருந்து அமெரிக்க ஆலைகளுக்கு வேலைக்குப் போனபோது இன்னொரு சுற்று மாற்றம்: லெப்ளான் ஒயிட் ஆனார், ருவா கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். லெஃபெவ்ரைக் கேட்டவர்கள் அது அவரைக்காயைக் குறிக்கும் 'ஃபேவ்' என்று நினைத்து பீன் ஆக்கினார்கள். கொல்லர் அவரைக்காய் ஆன கதை.

கரீபியத் தீவுகளில் ஒரு பெயரின் பயணத்துக்குத் தொடக்க நாள் உண்டு. 1848 ஏப்ரல் 27ஆம் தேதி அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலையான ஒவ்வொருவருக்கும் அதிகாரிகள் குடும்பப் பெயர் கொடுத்துப் பதிந்தார்கள். மர்த்தினிக், குவாதலூப் பதிவேடுகளில் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே பிரெஞ்சுப் பெயர் இருப்பதால் பிரான்சில் மூதாதையர் இருப்பார்கள் என்று தேடிப் போகக் கூடாது.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி சாதி, மத வழக்கத்தைச் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், ரெனோன்சான் என்று நாம் சொல்கிறவர்கள், அப்போதுதான் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் முதல்வராக நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லப்போர்த் என்ற பெயரை எடுத்தார். பிரான்சில் இருக்கும் லப்போர்த்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. இந்தக் குடும்பங்கள் வரைபடத்தில் தொடங்கிப் பயனில்லை. துறப்புப் பதிவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் இருக்கிற கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியாவின் எத்தா சிவில் பதிவேடுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. ஊரைத் தேர்ந்து, ஆண்டைத் தேர்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டலாம். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர்கள் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்பதை நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சத்தமாகப் படித்தால்தான் பாதிப் பெயர்கள் பிடிபடும்.